சேலத்தில் மூணு நாள், நாலு இடத்தில் அசடு வழிந்தேன்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தக்கலை தபால்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தக்கலை. முப்பத்து மூன்று வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்துவிட்டுப் போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். சேலம் அதுவரைக்கும் எனக்கு ஊர் கிடையாது, நம்பர். உறையில் 636 என்று தொடங்கினால் சேலம் பக்கம், அவ்வளவுதான். மகனுக்கு வாழப்பாடியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை கிடைத்து, தை மாதக் கடைசியில் அவனோடு கிளம்பினேன். வீடு பிடித்துக் கொடுத்து, ஸ்டவ்வும் நாலு பாத்திரமும் வாங்கி வைத்துவிட்டு, ஒரு நாள் ஏற்காட்டையும் பார்த்துத் திரும்பலாம் என்று கணக்கு.

கணக்கு ரயில் நிலையத்திலேயே தப்பியது. "ஜங்ஷன் பக்கத்துல ரூம் போடு மக்கா, இறங்கினா ஊருதான்" என்று சொன்னவன் நான். இறங்கினால் அது சூரமங்கலம். ஊர் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி. விலாசம் தப்பாதவன் என்று பேர் எடுத்தவனுக்கு முதல் அடி. இதில் கேள்வி ஒன்றும் இல்லை. மகன் வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்றுதான்.

மறுநாள் வாழப்பாடிக்கு ஆத்தூர் ரோட்டில் பஸ். எதிரே ஒரு லாரி, நிறைய மரச்சீனிக்கிழங்கு. பின்னாலேயே இன்னொரு லாரி, ஒரு டிராக்டர். எனக்கு வாயில் தண்ணீர் ஊறிவிட்டது. கிழங்கும் சாளை மீன் கறியும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு, பாத்துக்கிடுங்க. இவ்வளவு கிழங்கு போகிற ஊரில் ஒரு கடையிலாவது அவித்த கிழங்கு இருக்கும்தானே? வாழப்பாடியில் இறங்கி டீக்கடையில், "மரச்சீனி உண்டா?" என்றேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தாமல், "சக்கரை போட்டுத்தாங்க இருக்கு. வேணும்னா இன்னொரு கரண்டி போடுறேன்" என்றார். போட்டும் விட்டார். வேறு இரண்டு ஓட்டலிலும் கேட்டேன், புரோட்டா இருந்தது.

திரும்பி வரும்போது ஜன்னலுக்கு வெளியே பெரிய களம். களம் முழுக்க வெள்ளை வெளேர் என்று எதையோ பரப்பி, ஆட்கள் காலாலும் பலகையாலும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். காற்றில் புளிப்பு வாடை. "கடல் இல்லாத ஊர்ல உப்பளமா?" என்று மகனிடம் உரக்கவே கேட்டுவிட்டேன். எங்கள் சாமித்தோப்புப் பக்கம் அப்படித்தான் இருக்கும். கண்டக்டர் சிரித்தார். "ஜவ்வரிசிங்க. அந்தக் கிழங்குதான் இது" என்றார். ஜவ்வரிசி ஏதோ மரத்துக் காயிலிருந்து வருகிறது என்று அறுபது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். பாயசம் குடித்த வாய்க்கு இது கூடத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியவில்லை.

அடுத்த நாள் ஏற்காட்டுக்கு நான் மட்டும். மகனுக்கு வேலையில் சேர்கிற நாள். மலைப்பாதையில் பஸ் நாலைந்து வளைவு ஏறியதும் கீழே சேலம் தெரிந்தது. ஊருக்கு ஒரு பக்கத்தில் நிலமே உரித்துப் போட்டது போல வெள்ளையாகக் கிடந்தது. முந்தின நாள் படித்த பாடம் இருக்கிறதே, பக்கத்து சீட்டுக்காரரிடம், "எவ்வளவு ஜவ்வரிசி காயுது பாருங்க!" என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், கீழே ஒரு தடவை பார்த்தார், "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த "ஆமாங்க"வில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அது என்ன?

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். சேர்வராயன் கோயிலுக்குப் போக வேண்டிய நான் நாகலூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். தெரிந்ததும் வழியில் இறங்கினேன். திரும்ப பஸ் எப்போது என்று கேட்க ஆள் இல்லை. இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. ஒரு பலா மரம், அதன் அடியில் கூரை இல்லாத சின்னப் பிள்ளையார், எதிரே சாக்கு விரித்து மிளகும் கொய்யாவும் விற்கிற ஒரு பாட்டி. கொய்யா வாங்கினேன். பேச்சுக் கொடுத்தேன். இங்கேயே பிறந்தவரா என்றதற்கு, "நாங்க மலையாளிங்க சாமி, தலைமுறை தலைமுறையா இங்கதான்" என்றார்.

நான் தக்கலைக்காரன். களியக்காவிளை எங்களுக்குக் கொஞ்ச தூரம்தான். மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. சந்தோஷத்தில், "அம்மச்சி, நாட்டில் எவிடெயா?" என்று ஆரம்பித்து, இங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று ஒரு நிமிஷம் விடாமல் மலையாளத்தில் கேட்டேன். பாட்டி கொய்யாவைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "என்ன சாமி, வாயில கிழங்க வெச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்குது?"

அதற்கு மேல் நான் மலையாளம் பேசவில்லை.

அந்தப் பிள்ளையார் காலடியில் நாலைந்து கற்கள். கறுப்பு. ஆற்றுக் கல் போல வழவழப்பு, ஆனால் உருண்டை இல்லை. ஒரு முனை குறுகி, மறுமுனை அகலமாகி விளிம்பு மெல்லிதாக. விபூதியும் குங்குமமும் வைத்திருந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எடுத்த வேகத்தில் கைக்குள் சரியாக உட்கார்ந்தது, என் கைக்கு அளவெடுத்தது போல. பாட்டி, "வெச்சிருங்க சாமி, அது அவரோடது" என்றார். வைத்துவிட்டேன். ஆனால் ஊருக்கு வந்து பத்து நாள் ஆகியும் அந்தக் கல்லின் கனம் கையை விட்டுப் போகவில்லை. அது என்ன கல்? யார் வைத்தது?

கடைசியாக ஒன்று. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு தள்ளுவண்டியில் எல்லாரும் "ஒரு செட், ரெண்டு செட்" என்று கேட்டார்கள். செட் தோசை என்று நினைத்து நானும் கேட்டேன். வந்தது தோசை இல்லை. சட்டை வீணாகப் போனது. இதற்கும் விளக்கம் தேவை.

திப்பி வாசம் எழுதியது:

அண்ணே, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. நான் பொறந்தது ஆத்தூர் பக்கம், வீட்டுக்கு அடுத்த காம்பவுண்டு சேகோ மில்லு, அதான் ஜவ்வரிசி மில்லு. அந்தப் புளிப்பு வாடை இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. காலேஜுக்கு மெட்ராஸ் போனப்ப முதல் வாரம் பூரா தூங்கல.

மொதல்ல பேரு. எங்க பக்கம் குச்சிக்கிழங்கு, இல்லன்னா மரவள்ளி. மரச்சீனின்னா அந்த டீக்கடைக்காரர் என்ன பண்ணுவார், பாவம். அதுலயும் லாரில நீங்க பார்த்தது பெரும்பாலும் மில்லு ரகம். அவிச்சா கசக்கும். திங்கறதுக்குன்னு தனியா போடுவாங்க, அதைச் சந்தையில கேக்கணும்.

மில்லுக்குள்ள நடக்கறது இதுதான். லாரி வந்ததும் மாதிரிக் கிழங்கை எடுத்துத் தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை போட்டு பாயின்ட் பார்ப்பாங்க. மாவுச்சத்து எவ்வளவுங்கறதுதான் பாயின்ட். விலையே அதுலதான். ஒரு பாயின்ட் கொறச்சுச் சொல்லிட்டாங்கன்னு எங்க அப்பா சாப்பிடாமப் படுத்த ராத்திரியெல்லாம் இருக்கு, அதை விடுங்க. அப்புறம் தோல் சீவி, கழுவி, அரைச்சா பால் வரும். பாலைச் சல்லடையில வடிகட்டித் தொட்டியில விட்டா மாவு அடியில கல்லு மாதிரி இறுகிடும். மேல நிக்கற தண்ணிதான் வாடை. சக்கைக்குப் பேரு திப்பி, மாட்டுத் தீவனத்துக்குப் போகும். இறுகின மாவை உதிர்த்துத் துணித் தொட்டில் மாதிரி ஆடற மிஷின்ல போட்டு ஆட்டினா தானா உருண்டு உருண்டு மணியாகும். நான் சின்னப் பையனா இருந்தப்ப மணிக்கணக்கா அதைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். யாரும் உருட்டாம உருளுதே! அப்புறம் சலிச்சு, சூடான தட்டுல வறுத்து, களத்துல காயப் போடுவாங்க. அதுதான் உங்க உப்பளம். வறுக்காம ஆவியில வேக வெச்சா நைலான் ஜவ்வரிசி, கண்ணாடி மாதிரி இருக்கும்.

இப்ப ஒரு விஷயம், உங்களுக்காகவே. ஜவ்வரிசி மரத்துலருந்து வருதுன்னு நீங்க நெனச்சதுல பாதி தப்பில்ல. பழைய காலத்துல மலேயா, சிங்கப்பூர் பக்கம் இருந்து கப்பல்ல வந்தது. அங்க ஒரு வகைப் பனைமரத்துத் தண்டுக்குள்ள இருக்கற சோத்துலருந்து எடுக்கறதும் உண்டு. ரெண்டாம் உலகப் போர்ல கப்பல் நின்னுபோச்சு. அப்ப சேலத்துக்காரர் ஒருத்தர் வியாபாரமா கேரளா போனவரு, பினாங்குல இந்தத் தொழில் பார்த்துட்டு வந்த ஒரு குஜராத்திக்காரரைச் சந்திச்சு, 1943 வாக்குல இங்க தட்டுமுட்டுச் சாமானை வெச்சு ஆரம்பிச்சாங்க. கிழங்கு எங்கருந்து? உங்க திருவாங்கூர் பக்கத்துலருந்து! 1880கள்ல விசாகம் திருநாள் மகாராஜா அங்க கிழங்கு போடச் சொல்லிப் பரப்புனாருன்னு படிச்சிருக்கேன். உங்க தக்கலை அப்ப திருவாங்கூருக்குள்ளதானே? ஆக நீங்க உங்க சொந்தக்காரனைத்தான் லாரில பார்த்து வாயூறி இருக்கீங்க.

1981லருந்து சேகோசர்வ்னு கூட்டுறவுச் சங்கம் இருக்கு. 2023ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கெடச்சுது. இவ்வளவு செஞ்சும் நாங்க திங்கறது வடாமும் பாயசமும் மட்டும்தான். மூட்டையெல்லாம் மகாராஷ்டிரா பக்கம் போயி, ஏகாதசி விரதத்துக்குக் கிச்சடி ஆகுது.

வெள்ளக்கல் சூளை எழுதியது:

அந்தப் பக்கத்து சீட்டுக்காரரை நினைச்சுத்தான் எனக்குக் கவலை. வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பாரோ.

நீங்க பார்த்தது வெள்ளக்கல். மேக்னசைட். ஊருக்கு வடமேற்கே கருப்பூர், செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டி பக்கம் தோண்டித் தோண்டி எடுத்தது. வெள்ளைக்காரன் மேப்புல 'சாக் ஹில்ஸ்'னு, அதாவது சுண்ணாம்பு மலைன்னு எழுதி வெச்சுட்டான். உங்க மாதிரிதான், வெள்ளையைப் பார்த்து ஏமாந்தான். இது சுண்ணாம்பு இல்லை. சுண்ணாம்புக்கல்லு மேல கொஞ்சம் ஆசிட் விட்டா புஸ்ஸுனு பொங்கும். இது கம்முனு கிடக்கும். ஸ்கூல்ல வாத்தியார் ரெண்டு கல்லையும் வெச்சுச் செஞ்சு காட்டினாரு. சேலத்துப் பசங்களுக்குக் கெமிஸ்ட்ரி அப்படித்தான் ஆரம்பிக்கும்.

பக்கத்துல போய்ப் பார்த்தீங்கன்னா மலை பூரா வெள்ளை கிடையாது. பச்சையும் கறுப்பும் கலந்த பாறைக்குள்ள வெள்ளை நரம்பு நரம்பா ஓடும், சிலந்தி வலை மாதிரி. அந்த நரம்பைத்தான் எடுப்பாங்க. சூளையில பயங்கரச் சூட்டுல சுட்டு, செங்கல் ஆக்கி, இரும்பு உருக்கற உலைக்கு உள்பக்கம் பதிக்கப் போகும். உலை சூட்டுக்குத் தாங்கற கல்லு இதுதான். இந்த ஊருக்கு மேற்க கஞ்சமலையில இரும்புத் தாது, வடக்க அதை உருக்கற உலைக்கான கல்லு. ரெண்டும் ஒரே ஊர்ல கிடந்து என்ன பிரயோசனம்னு கேக்காதீங்க, அது தனிக் கச்சேரி.

எங்க அப்பா சூளையில வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா தலை, புருவம், மீசை எல்லாம் வெளுத்திருக்கும். குளிச்சா மறுபடி கறுப்பாயிடுவாரு. எனக்கு அது தினம் நடக்கற மேஜிக். ஒரு வயசுக்கு மேல குளிச்சாலும் வெளுத்தேதான் இருந்துச்சு.

அடுத்த தடவை பஸ்ஸுல வலது இடதுன்னு ஜன்னல் சீட்டுக்கு அலையாதீங்க. வளைவுக்கு வளைவு பக்கம் மாறும், எல்லாருக்கும் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை மருமகள் எழுதியது:

சார், 'செட்'டுக்கு நான் பதில் சொல்றேன். நானும் மதுரையில இருந்து வாழ வந்தவதான், நானும் முதல் நாள் புடவையில கொட்டிக்கிட்டவதான்.

ரெண்டு தட்டுவடை. நடுவுல துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம். பச்சைச் சட்னி, காரச் சட்னி. அதுதான் தட்டுவடை செட். கடிச்சுச் சாப்பிடறதுன்னு நெனச்சீங்க பாருங்க, அங்கதான் தப்பு. தட்டுவடை உடையும், பீட்ரூட் சட்டைக்குப் போகும். முழுசா வாயில போடணும். வாய் பெருசா இருக்கறவங்களுக்குத்தான் சேலம். நொறுக்கல்னு ஒண்ணு இருக்கு, அதையே உடைச்சுக் கலந்து தருவாங்க, உங்களுக்கு அது தோதுப்படும். முட்டை போட்டும் செய்வாங்க. பீட்ரூட் கறைக்கு உடனே எலுமிச்சம்பழம் தேய்ச்சிருக்கணும். இப்ப போகாது.

நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் கண்டுபிடிச்சதையும் சொல்லிடறேன். எங்க தெருவுல காலையில ஒரு வீட்டுல சர்ருனு சத்தம், அடுத்த வீட்டுல டொக்கு டொக்கு, அதுக்கடுத்த வீட்டுல ஒண்ணும் இல்ல, ஆனா நெருப்பு. வெள்ளிக் கொலுசு. ஒரு வீட்டுல கம்பி இழுக்கறாங்க, ஒரு வீட்டுல பின்னறாங்க, ஒரு வீட்டுல பத்த வைக்கறாங்க, இன்னொரு வீட்டுல மெருகு. ஒரு ஜோடி கொலுசு நாலு வீட்டுக்கு நடந்து போன பிறகுதான் ஒரு கால்ல ஏறுது. நான் மதுரையில போட்டுக்கிட்டுத் திரிஞ்ச கொலுசும் இந்தத் தெருவுல இருந்து வந்ததா இருக்கலாம்னு என் மாமியார் சொன்னாங்க. அப்ப எனக்கு ஊர் பிடிச்சுப்போச்சு.

அப்புறம், மலையாளத்தை ஏற்காட்டுல தேடினீங்களே, வழியிலேயே விட்டுட்டீங்க. ஏற்காடு ரோட்டுல ஒரு பழைய வளைவு இருக்குமே, பார்த்தீங்களா? மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கற சினிமா ஸ்டூடியோவோடது. டி.ஆர். சுந்தரம் 1935ல ஆரம்பிச்சது. இப்ப வளைவு மட்டும்தான் மிச்சம். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்', 1938ல, அந்த வளைவுக்குள்ளதான் உருவாச்சு. முதல் கலர் மலையாளப் படம் 'கண்டம் பெச்ச கோட்டு' கூட அவங்க எடுத்ததுதான், 1961. அங்க இறங்கி நின்னு நீங்க "நாட்டில் எவிடெயா"ன்னு கேட்டிருந்தா சரியா இருந்திருக்கும்.

மலையேறி எழுதியது:

ஏற்காடு போய் லேடீஸ் சீட் பார்க்கலை, பக்கோடா பாயின்ட் பார்க்கலை, கிளியூர் அருவி பார்க்கலை, போட்டிங் போகலை. தப்பு பஸ்ஸுல ஏறி ஒரு பலா மரத்தைப் பார்த்துட்டு வந்து இவ்வளவு பெரிய கேள்வியா? அந்த ஒரு நாளுக்கு நான் ஒழுங்கா ஒரு திட்டம் போட்டுத் தந்திருப்பேன். போறதுக்கு முன்னாடி கேக்கணும் சார்.

காப்பிப் பூ எழுதியது:

மலையேறி அண்ணா, தை மாசம் அருவியில எவ்வளவு தண்ணி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அவர் பார்த்ததைப் பார்க்க விடுங்க.

தபால்கார ஐயா, நான் நாகலூர்ப் பக்கத்துப் பொண்ணு. சேலத்துல டீச்சர் வேலை. நானும் மலையாளிதான், நீங்க சொன்ன பாட்டி மாதிரி. காலேஜ்ல ஹாஸ்டல் ஃபார்ம்ல சாதின்னு இருந்த இடத்துல மலையாளின்னு எழுதினேன். வார்டன் அம்மா ஓணத்துக்கு லீவு வேணுமான்னு கேட்டாங்க. ஆகவே உங்க மேல கோபம் இல்லை. நீங்க பாஷை பேசிக் கேட்டீங்க, அவங்க லீவு கொடுத்துக் கேட்டாங்க.

மலையை ஆள்றவங்க மலையாளி, அவ்வளவுதான் பேரு. கேரளாவுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பேசறது தமிழ். தமிழ்நாட்டுப் பழங்குடிகள்ல எண்ணிக்கையில நாங்கதான் பெரிய கூட்டம். எங்க ஆளுங்க சொல்ற கதை என்னன்னா, காஞ்சிபுரத்துலருந்து மூணு அண்ணன் தம்பி கிளம்பினாங்க. பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு வந்தார். நடுவண்ணன் பச்சைமலை, சின்னண்ணன் கொல்லிமலை. நாங்க பெரியண்ணன் வழி. கொல்லிமலைச் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வந்தா இதை வெச்சு ஒரு சண்டை கட்டாயம் உண்டு, யார் கிளை ஒசத்தின்னு.

இப்ப கல்லு.

அந்தப் பிள்ளையாரை எனக்குத் தெரியும்னுதான் நெனைக்கறேன், பலா மரத்தடின்னா. அது மட்டும் இல்லை, இந்த மலையில இப்படி ரொம்ப இடத்துல இருக்கு. உழும்போது, காப்பிக்குக் குழி தோண்டும்போது இந்த மாதிரி கல்லு கிடைக்கும். சாதாரணக் கல்லு இல்லைன்னு பார்த்தாலே தெரியும், கையும் சொல்லிடும், உங்களுக்குச் சொன்ன மாதிரி. கால்ல மிதிபடற இடத்துல போட மனசு வராது. பிள்ளையார் கிட்ட கொண்டு வந்து வெச்சிருவாங்க. அது கோடாலி ஐயா. புதிய கற்காலத்துக் கல் கோடாலி. இரும்பு வர்றதுக்கு முன்னாடி இந்த மலையில இருந்தவங்க கறுப்புப் பாறையைச் செதுக்கி, தேய்ச்சுத் தேய்ச்சு வழவழப்பாக்கி, விளிம்பு தீட்டிச் செஞ்சது. மூவாயிரம் வருஷத்துக்கும் மேல. குறுகின பக்கம் கட்டையில செருகறதுக்கு. அகலமான பக்கம் வெட்டறதுக்கு. உங்க கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்ததுன்னு எழுதியிருந்தீங்க. எவனோ ஒருத்தன் தன் கைக்கு அளவெடுத்துத்தான் செஞ்சிருக்கான்.

இதைப் பத்தி எழுதி வெச்சவர் ஒருத்தர் இருக்கார். நீங்க ஏற்காட்டுல இறங்கின இடத்துக்கு ரொம்பத் தூரம் இல்லை. ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863ல பல்லாவரத்துல ஒரு கல்லைப் பொறுக்கி, இது ஆதி மனுஷன் செஞ்ச ஆயுதம்னு சொன்னாரே, அந்த நிலவியல்காரர். இந்தியாவுல பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்ததுக்கு அதுதான் முதல் சாட்சி. வேலையிலருந்து ஓய்வு வாங்கினதும் அவர் வந்து குடியிருந்தது ஏற்காட்டுல. நம்ம மலைக் கல்லையும் சேகரிச்சார். அவரோட சேகரிப்பு மெட்ராஸ் மியூசியத்துல இருக்கு. 1912 டிசம்பர்ல கல்கத்தாவுல இறந்தார், சாம்பலைக் கொண்டுவந்து ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சுல வெச்சாங்க. நான் ஆறாம் வகுப்புப் பாடத்துல பல்லாவரம்னு படிச்சேன். சர்ச்சைத் தாண்டித்தான் தினம் ஸ்கூலுக்கு நடந்தேன். ரெண்டும் ஒரே ஆள்னு தெரிஞ்சப்ப எனக்கு வயசு இருபத்தி நாலு. சொந்த ஊர்க்காரிக்கே இவ்வளவு நாள் ஆச்சு, நீங்க மூணு நாள்ல அசடு வழிஞ்சதுக்கு வருத்தப்படாதீங்க.

காப்பியைக் கூட இங்க பழசுன்னு எல்லாரும் சொல்வாங்க. காக்பர்ன்னு ஒரு கலெக்டர் 1820கள்ல கொண்டுவந்தது. இருநூறு வருஷம். அந்தப் பிள்ளையார் காலடியில கிடக்கறதுக்குப் பக்கத்துல காப்பி நேத்து வந்த பிள்ளை.

ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கம் பார்த்துட்டு யாராவது அந்தக் கல்லைத் தேடிக் கிளம்பினா, பாட்டி சொன்னதையே நானும் சொல்றேன். அது அவரோடது.

தக்கலை தபால்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மலையேறி தம்பிக்கும் சேர்த்துத்தான். அடுத்த தடவை போகும் முன் கேட்கிறேன், சரியா?

திப்பி வாசம் தம்பி எழுதியதை வீட்டில் உரக்கப் படித்தேன். மனைவி அன்றைக்கே கிழங்கு அவித்தாள். தின்னும்போது, "இதுக்குப் போய் விரதம்னு பேர் வெச்சுருக்கான் பாரு வடக்கே" என்றாள். அவளுக்குக் கிழங்கு என்றால் மீன் கறியோடுதான் கணக்கு, விரதத்தில் சேராது. மகன் வாழப்பாடி சந்தையில் தின்கிற ரகத்தைக் கண்டுபிடித்து வாங்கி, குக்கரில் அவித்துப் படம் அனுப்பியிருக்கிறான். கொஞ்சம் குழைந்துவிட்டது.

சட்டைக் கறை போகவில்லை. நொறுக்கல் பாக்கி இருக்கிறது. ஆடியில் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கையைப் பார்க்க வரச் சொல்லி மகனின் வீட்டுக்காரர் கூப்பிட்டிருக்கிறார், சாமி வேஷம் கட்டி வண்டியில் வருவார்களாம். வந்தால் பழைய சட்டையோடு வருவேன்.

காப்பிப் பூ அம்மா, அந்தக் கல்லை நான் கையில் எடுத்தது முப்பது வினாடி இருக்கும். வைக்கும்போது கவனித்தேன், விளிம்பில் ஓர் இடத்தில் சின்னதாகச் சிதறல். வெட்டிய இடம் போல. உங்கள் பதிலைப் படித்த பிறகு அந்தச் சிதறல்தான் கண்ணில் நிற்கிறது. எதை வெட்டினானோ.

பாட்டியை அவர் சம்மதத்தோடு அன்றைக்கு ஒரு படம் எடுத்திருந்தேன், கொய்யாக் கூடையோடு. பிரிண்ட் போட்டு, போன வாரம் தபாலில் அனுப்பிவிட்டேன். பேர் கேட்க மறந்துபோனேன். தபால்காரன் செய்யக்கூடாத தப்பு. உறையில் இப்படி எழுதினேன்: 'பலா மரத்தடிப் பிள்ளையார் எதிரில் மிளகு விற்கும் பாட்டி, நாகலூர் ரோடு, ஏற்காடு 636601.' முழு விலாசம் இல்லாமல் வந்த எத்தனையோ கடிதத்தை நான் கொண்டு சேர்த்திருக்கிறேன். அங்கேயும் ஒருத்தன் இருப்பான்.

காப்பிப் பூ எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன் ஐயா. படம் வந்து சேர்ந்துடுச்சு. பாட்டி அதைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு மிளகுச் சாக்குக்குப் பக்கத்துல கல்லு வெச்சு நிறுத்தியிருக்காங்க. சாதாரணக் கல்லுதான், நான் பார்த்துட்டேன். யார் அனுப்பினதுன்னு கேட்டேன். "கிழங்கு வாய்க்காரரு" அப்படின்னாங்க.